போட்டோவில் கத்தி நாறாது

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் துறைப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானும் வெளியே வரவில்லை. போன மாதம் இசக்கி என்கிற பையன் அதில் ஒரு மடக்குக் கத்தியின் படத்தைப் போட்டான். ஆன்லைனில் வாங்கியதாம். அலகு முழுக்கக் கறுப்பு. அதில் பாதிக்கு ரம்பப் பல். பிடியில் பட்டாளத்துச் சட்டை மாதிரி பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக நிறம். "முத்தையா அண்ணாச்சி, எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தான்.

"போட்டோவில் கத்தி நாறாது. எனக்கென்ன தெரியும்?" என்று எழுதினேன்.

ஒருவன் சிரிக்கும் பொம்மை போட்டான். ஒருவன் அண்ணாச்சிக்கு வயசாயிட்டு என்றான். இன்னொருவன், இப்போதுதான் நடமாடும் கால்நடை ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டதே, அதில் எல்லாக் கருவியும் இருக்கிறதே, இனிமேல் பாக்கெட்டில் கத்தி எதற்கு என்று கேட்டான். அவனுக்கு நான் எழுதிய பதிலைக் குழு அட்மின் அழித்துவிட்டான். அழித்துவிட்டு, "திட்டாம விவரமா எழுதுங்க அண்ணாச்சி, சங்கத்து மலர்ல போடுவோம்" என்றான்.

விவரமாக எழுதுகிறேன். திட்டாமல் எழுத வருமா என்று தெரியவில்லை.

நான் கால்நடைப் பராமரிப்பு உதவியாளராக இருந்தவன். பெயர்தான் நீளம். டாக்டர் ஊசி போடும்போது மாட்டைப் பிடித்துக்கொள்கிற ஆள், அவ்வளவுதான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மாடு பயந்தால் உதைக்கும், எருமை யோசித்து உதைக்கும், ஆட்டுக்காரர் கேட்காமலே உதைப்பார். இது தெரிந்ததும் பயிற்சி முடிந்தது. அதன் பிறகு சங்கரன்கோவிலைச் சுற்றியே என் சர்வீஸ் ஓடியது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கொஞ்ச காலம், குருவிகுளம் பக்கம் நெடுங்காலம்.

இந்த வேலையில் கத்தி பாக்கெட்டிலிருந்து வெளியே வராத நாள் கிடையாது. கழுத்தை இறுக்கும் நைலான் கயிறை அறுக்க வேண்டும். வளர்ந்து மடங்கிய ஆட்டுக் குளம்பைச் சீவ வேண்டும். காயத்தில் ஒட்டிய ரோமத்தை வழிக்க வேண்டும். மருந்துப் பெட்டியின் பிளாஸ்டிக் பட்டையை வெட்ட வேண்டும். சாயங்காலம் டீக்கடையில் யாராவது மாம்பழம் நீட்டினால் அதையும் வெட்டுவான் நம்மாள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்காது.

முதலில் எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

இசக்கியின் கத்தியை வாங்கக் கூடாது. வைக்கோலில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியவே கூடாது என்று காசு கொடுத்து நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறான். காணாமல் போன கத்தி மாட்டுத் தீவனத்தில் கிடக்கும். மாடு உனக்காகப் பொறுக்கி வைக்காது. பிடி சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கட்டும். இல்லாவிட்டால் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்று. ரம்பப் பல்லும் வேண்டாம். அந்தப் பல்லுக்குள் ரோமமும் சாணியும் போய் உட்கார்ந்தால் பல்குச்சி வைத்துத்தான் நோண்ட வேண்டும். அதைக் கல்லில் தீட்டவும் முடியாது.

மரப்பிடி, கொம்புப்பிடி பார்க்க நன்றாக இருக்கும். நம் வேலைக்கு ஆகாது. ஈரத்தில் ஊறி உப்பும், வெயிலில் காய்ந்து பிளக்கும், பிளவுக்குள் ரத்தம் போகும். கெட்டியான பிளாஸ்டிக் பிடி போதும். அலகு துருப்பிடிக்காததாக இருக்கட்டும். பழைய இரும்பு அலகு நன்றாகக் கூர் ஏறும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைத் துடைத்து வைக்கிற ஒழுக்கம் உங்களில் எவனுக்கும் இல்லை. அலகு சுட்டுவிரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு ஆடித்தபசு அன்று கோவில் வாசல் பக்கம் கூட்டத்தில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்திப் பாக்கெட்டைத் தடவினார். கத்தி கைக்கு வந்தது.

"எதுக்கு வே இது?"

"ஆட்டுக்குக் குளம்பு சீவ."

"ஆட்டுக்கு பியூட்டி பார்லரா நடத்துதீரு?"

"கவர்மென்ட்டு நடத்துது சார். நான் அதுல வேலை பாக்கேன்."

அவர் கத்தியைத் திறந்தார். குட்டை அலகு, சிவப்பு டேப், அலகு மடங்குகிற கீலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாட்டு ரோமம். சிரித்துவிட்டுக் கொடுத்தார். இசக்கியின் கத்தி என் பாக்கெட்டில் இருந்திருந்தால் அன்றைக்குச் சாமி தரிசனம் ஸ்டேஷனில்தான் நடந்திருக்கும். திருவிழாவுக்குப் போகும்போது கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்பது தனி. நான் அதற்கப்புறம் வைத்துவிட்டுத்தான் போனேன்.

இனி ரெஜினா மேடம்.

குருவிகுளம் பக்கத்து மருந்தகத்துக்கு டாக்டராக வந்தார். அதற்கு முன்னால் இருந்தவர்கள் வருகைப் பதிவைப் பார்ப்பார்கள், மருந்து இருப்பைப் பார்ப்பார்கள். இவர் வந்த முதல் நாள் காலையில் உள்ளங்கையை நீட்டி, "கத்தியைக் குடுங்க" என்றார். நான் மேசையில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் கத்தி, அரிவாள் எதையும் கையோடு கையாகக் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் இரண்டு பேருக்குள்ளும் சண்டை வரும் என்பார்கள். கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

"கையில குடுங்க. மேசையில வச்சா மேசையும் அழுக்கு, கத்தியும் அழுக்கு."

கொடுத்தேன். திறந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அலகின் கூர்மையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. கீலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"நேத்து எந்த ஊர்?"

ஊரைச் சொன்னேன்.

"குளம்பு அழுகலா?"

"ஆமா மேடம். ஒரு ஆட்டுக்கிடை பூராவும்."

"சரி. அதை இன்னைக்கு எந்த ஊருக்குக் கொண்டுபோகப் போறீங்க?"

அவ்வளவுதான் பேச்சு. கத்தியை மடக்கி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். என் கைக்குத் திருப்பித் தரவில்லை. ஜன்னல் திண்டில் வைத்தால் எடுத்துப்போய்க் கழுவு என்று அர்த்தம். கைக்கு வந்தால் பாக்கெட்டில் போடலாம் என்று அர்த்தம். அவர் இருந்த காலம் முழுவதும் இதே நடைமுறை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அவர் அதற்கு வழி வைக்கவில்லை.

அவர் எதையும் மோந்து பார்ப்பார். பாலை, மாட்டின் மூச்சை, புண்ணிலிருந்து எடுத்த பஞ்சை, மதியம் தன் சாப்பாட்டு டப்பாவை. ஆட்டுக்காரர்கள் அவருக்கு "மோப்பக்கார அம்மா" என்று பெயர் வைத்தார்கள். அவர் காதுக்கும் அது போனது. அதற்கும் முகத்தில் மாற்றம் இல்லை.

கழுவுவது எப்படி என்று கேட்பீர்கள். வெறும் தண்ணீரில் அலசி வேட்டியில் துடைப்பது கழுவுவது இல்லை. கத்தியை முழுக்கத் திற. சோப்புத் தண்ணீரும், பல் தேய்த்துத் தேய்ந்த பழைய பிரஷும் வேண்டும். அலகு பிடிக்குள் போய்ப் படுக்கிற பள்ளத்தைத் தேய். அலகு சுழல்கிற கீலைத் தேய். அலகைப் பாதி மடக்கி மறுபடியும் தேய், அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். வெந்நீரை ஊற்று. நோய் கண்ட கிடையிலிருந்து வந்தால் கிருமிநாசினியில் போட்டு எடு. திறந்தபடியே காயவை. ஈரத்தோடு மடக்கினால் உள்ளே கிணறு வெட்டியதற்குச் சமம். காய்ந்ததும் கீலில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விடாதே. அது சிக்குப் பிடித்து, தூசியைச் சேர்த்து, கடைசியில் அதுவே நாறும். எல்லாம் முடிந்ததும் மோந்து பார். நாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

தீட்டுவதற்குத் தெருவில் சாணைச் சக்கரம் கொண்டு வருகிறவரிடம் கொடுக்காதே. பொறி பறக்கும், பார்க்க வேடிக்கையாக இருக்கும், அலகு சூடேறி பலம் போய்விடும். ஒரு சின்னத் தீட்டுக்கல் வாங்கி வைத்துக்கொள். இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் தேய். முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பாகத் தீட்ட வேண்டாம். நைலான் கயிற்றில் அது வழுக்கும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் கடிக்கும்.

இதெல்லாம் வண்டியில் வருகிற கருவிக்கும் பொருந்தும். வண்டியைக் குறை சொல்லவில்லை. வண்டி நல்ல ஏற்பாடு. வண்டியில் எல்லாம் இருக்கிறது என்று எழுதினானே, அவனுக்கு ஒரு கேஸைச் சொல்கிறேன்.

ஆடித்தபசு முடிந்து, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்க ஆரம்பித்திருந்த வாரம் அது. பனம்பழம் விழுகிற காலம். உச்சி வெயிலில் மேடத்துக்குப் போன் வந்தது. பரமசிவம் என்பவர் கூப்பிட்டார். மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு நிற்கிறது, கழுத்தை நீட்டி நீட்டி இருமுகிறது, வயிறு ஏறிக்கொண்டே போகிறது என்றார்.

வயிற்றில் அடைத்த காற்றை எடுக்கக் குழலோடு கூடிய குத்தூசி ஒன்று உண்டு. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அன்றைக்கு அது வேறோர் ஊர் முகாமுக்குப் போயிருந்தது. முகாமில் அதை யாரும் தொடக்கூட இல்லை. சாமான்கள் அப்படித்தான், தேவைப்படாத ஊருக்குச் சரியாகப் போய்ச் சேரும். மேடம் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் பையோடு உட்கார்ந்தேன்.

அந்த வீட்டை எனக்கு முன்பே தெரியும். பரமசிவம் மூத்தவர், கணபதி இளையவர். ஒரே முற்றமாக இருந்ததன் நடுவே இடுப்பளவுச் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்துக்கொண்டவர்கள். சுவர் முடிகிற இடத்தில் ஒரு பனைமரம். அது யாருக்கு என்று தீரவில்லை. மரம் என்னுடையது என்று இரண்டு பேரும் சங்கரன்கோவில் கோர்ட்டில் கேஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. பரமசிவம் முதுகெலும்பில் அடிபட்டுக் காடு கழனி வேலைக்குப் போக முடியாமல் இருந்தவர். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தச் செவலை மாட்டின் பாலில்தான். அது அப்போது சினையும்கூட. மாடு போனால் கன்றும் போகும், அந்த வீட்டுச் சாப்பாடும் போகும்.

நாங்கள் போனபோது இடது பக்கப் பள்ளம், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே எப்போதும் குழிந்திருக்கும் இடம், முதுகுக்கு மேலே புடைத்து நின்றது. தட்டினால் பறை மாதிரிக் கேட்டது. மேடம் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார். தொண்டைக்குக் கீழே கை நின்றது.

"பனங்கொட்டை. பழத்தைச் சப்பிட்டு கொட்டையை முழுங்கப் பாத்திருக்கு."

கொட்டை அடைத்துக்கொண்டால் மாட்டால் ஏப்பம் விட முடியாது. காற்று வயிற்றிலேயே சேரும். சேர்ந்து நெஞ்சை அழுத்தும். பிறகு மூச்சு நிற்கும். கையை விட்டுப் பார்க்கலாம், எட்டும் என்றார் மேடம். வாயைத் திறந்து வைக்கும் இரும்பு வளையத்தை மாட்டினோம். நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தேன். கழுத்துக் கயிறு வீங்கிய கழுத்தில் புதைந்து கிடந்தது, முடிச்சை அவிழ்க்க வரவில்லை. ஒரு கையால் என் கத்தியை எடுத்துப் பரமசிவத்திடம் கொடுத்து அறுக்கச் சொன்னேன். நான் கையில்தான் கொடுத்தேன். அவர் வேறு வழியில்லாமல் கையில் வாங்கினார், சரியாகவும் அறுத்தார். அறுத்துவிட்டு, நீட்டியிருந்த என் கையைப் பார்த்தார். குனிந்து கத்தியைத் தரையில் வைத்தார்.

"கையில தாரும் வே!"

"கத்தியைக் கையில குடுக்கப்படாது சார். எடுத்துக்கிடுங்க" என்றார், ரொம்ப மரியாதையாக.

மாட்டின் முன்னங்கால் மடங்கியது. அப்படியே வலது பக்கம் சாய்ந்து விழுந்தது. கத்தியின் மேல்.

மேடத்தின் கை முழங்கைவரை மாட்டின் வாய்க்குள் இருந்தது. மாடு விழுந்தபோது அவரும் சேர்ந்து விழுந்தார். கையை எடுக்கவில்லை. முழங்காலை ஊன்றி, கன்னத்தை மாட்டுத் தாடையில் வைத்துக்கொண்டு, "விரல்ல தட்டுது. இப்ப கையை எடுத்தேன்னா உள்ள போயிரும்" என்றார். மாட்டின் நாக்கு நீலமாகிக்கொண்டிருந்தது.

"முத்தையா, இனி நேரமில்லை. வயித்தைக் குத்துங்க."

நான் பிடிக்கிறவன். குத்துவது என் வேலை இல்லை, எனக்கு அதற்கு உரிமையும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நான் சொல்லுதேன். பொறுப்பு எனக்கு. பையில பிளேடு இருக்கு, முதல்ல தோலைக் கீறுங்க. பெறவு கத்தியால குத்துங்க."

"கத்தி மாட்டுக்கு அடியில கிடக்கு மேடம்."

ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். அவர் முகத்தில் மாற்றத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆபரேஷன் பிளேடை எடுத்துத் தோலைக் கீறினேன். அந்தச் சின்ன பிளேடு வயிறுவரை எட்டாது. உள்ளே ஒடிந்தால் முடிந்தது கதை. வீட்டில் அரிவாள்மனை இருந்தது, கதிர் அரிவாள் இருந்தது. எதையும் வைத்துக் குத்த முடியாது. பரமசிவம் தலையில் அடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் கணபதி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"ஏலே, உன் மரத்துப் பழம்லே என் மாட்டைக் கொல்லுது!"

"என் மரமா?" என்றார் கணபதி. "இத முன்னாலயே கோர்ட்டுல சொல்லியிருந்தா வக்கீலு பீசாவது மிஞ்சியிருக்கும்."

"மாடு சாவுது, நீ சட்டம் பேசுத?"

"உங்க ரெண்டு பேர்ல எவன்ட்ட கத்தி இருக்கு?" என்று நான் கத்தினேன். இதைவிட மோசமாகத்தான் கத்தினேன், அச்சில் போட முடியாது.

கணபதி எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். எடுத்துச் சுவரின் மேல் வைக்கப் போனார். சுவரின் தலை சரிவாகப் பூசியிருந்தது. பரமசிவம் அவர் வைக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார். மாடு செத்துக்கொண்டிருக்கிறது, இரண்டு பேரும் சம்பிரதாயம் பார்க்கிறார்கள்.

"வைக்காதீங்க! கையில குடுங்க!" என்றார் மேடம், தரையிலிருந்தபடி.

"கையில குடுத்தா சண்டை வரும்மா."

"இனிமே வர்றதுக்கு என்னய்யா சண்டை பாக்கி இருக்கு உங்களுக்குள்ள?"

கணபதி கையை நீட்டினார். பரமசிவம் வாங்கினார். அப்படியே என் கையில் கொடுத்தார்.

திறந்தேன். பழக்க தோஷம், மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசம். சாறு பட்டு அலகில் கறை ஏறியிருந்தது, கூர் சுமார். ஆனால் நாறவில்லை. போதும்.

"கீழ்முகமா, முன்னங்கால் முட்டியைப் பாத்து" என்றார் மேடம்.

குத்தினேன். கத்தி உள்ளே போகவில்லை. மடங்கியது. என் சுட்டுவிரலின் மேல் மடங்கியது.

பையன்களே, இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். திறந்த அலகு தானாக மடங்காமல் பிடித்துக்கொள்கிற பூட்டு உள்ள கத்தியை வாங்குங்கள். பிடிக்குள் ஒரு தகடு வந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும், அதை விரலால் தள்ளினால்தான் மடங்கும். என் கத்தியில் அது இருந்தது, மாட்டுக்கு அடியில். கணபதியின் கத்தி பழம் நறுக்குகிற கத்தி, அதில் அலகை அழுத்திப் பிடிக்கிற வெறும் வில்லுதான். நறுக்கும்போது ஒன்றும் ஆகாது. குத்தினால் மடங்கும்.

விரலைப் பார்க்கவில்லை. அலகின் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் இறுக்கிப் பிடித்து, வேண்டிய அளவு நுனியை மட்டும் வெளியே விட்டு, இன்னொரு கையை வைத்து அழுத்தினேன். இந்த முறை போனது. ஒரு சீறல். அந்த நாற்றத்தை எழுத வராது, பழகியவனுக்குத் தெரியும்.

"எடுத்திராதீங்க. திருப்பிப் பிடிங்க, வாய் திறந்து நிக்கட்டும். ஒரேயடியா விடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா."

அலகைத் திருப்பிப் பிடித்து, விரலால் மூடியும் திறந்தும் காற்றை விட்டேன். புடைப்பு இறங்கியது. நீலம் பிடித்த நாக்கில் சிவப்பு வந்தது. பரமசிவத்தைக் கழுத்துக்கு வெளியிலிருந்து கொட்டையை மேல்நோக்கித் தள்ளச் சொன்னார் மேடம். அவர் தள்ள, இவர் விரலை வளைத்து இழுக்க, கை கொட்டையோடு வெளியே வந்தது. மஞ்சள் நார், பிசுபிசுப்பு, மேடத்தின் ரத்தமும் அதில் இருந்தது. பல் பட்டு முழங்கை கிழிந்திருந்தது. கொட்டையைத் தரையில் போட்டார். அதை மோந்து பார்க்கவில்லை.

மூச்சு வாங்கக்கூட விடவில்லை. சுவருக்கு அப்பாலிருந்து கணபதி கூப்பிட்டார். "டாக்டரம்மா, மரம் என்னுதுன்னு அவரு வாயாலயே சொன்னதக் கேட்டீங்கள்லா? நீங்க சாட்சி சொல்லணும்."

"நான் கொட்டையைத்தான் பாத்தேன்" என்றார் மேடம். "மரத்தைப் பாக்கல."

இதைப் படித்துவிட்டு எவனும் மாட்டைக் குத்தப் போகாதீர்கள். டாக்டர் பக்கத்தில் இருந்து, வேறு வழியே இல்லாமல், அவர் சொல்லித்தான் குத்தினேன். குத்தியதோடும் முடியவில்லை. கத்தி கொண்டுபோன அழுக்கு வயிற்றுக்குள் சீழ் வைத்தால் மாடு அப்போது சாகாமல் பிறகு சாகும். மேடம் தையல் போட்டு, மருந்து ஏற்றி, அடுத்தடுத்த நாட்களில் தவறாமல் போனார். போய் முதலில் செய்வது ஒன்றுதான். குனிந்து தையலை மோந்து பார்ப்பார். பரமசிவம் மாட்டைப் பார்க்க மாட்டார், மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தில்தான் ஒன்றும் தெரியாதே. ஒரு நாள் நிமிர்ந்து, "நாறல" என்றார். பரமசிவம் மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

தையல் பிரிக்கப் போன அன்று கணபதியின் கத்தியைக் கொண்டுபோனேன். தேய்த்துக் கழுவி, வெந்நீரில் போட்டு, தீட்டி, எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். சுவருக்கு மேலே நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சுவத்துல வைங்க அண்ணாச்சி."

எனக்குக் கோபம் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் இந்தப் பக்கத்திலிருந்து பரமசிவம் பேசினார். தம்பியைப் பார்க்காமல், மாட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

"கையில வாங்கச் சொல்லுங்க சார். அன்னைக்குக் கையில குடுத்து வாங்கினோமே, புதுசா என்ன சண்டை வந்துச்சு? பழசுதானே நடக்கு."

கணபதி கையில் வாங்கினார். திறந்தார். மேடத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் தொற்றியிருக்க வேண்டும், மோந்து பார்த்தார். "எலுமிச்ச வாசமே போச்சு" என்று குறைபட்டுக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. மேடம் மாறுதலாகி வேறு மாவட்டத்துக்குப் போனார். மாட்டுக்கு அடியிலிருந்து எடுத்த என் கத்தி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. பிடியில் ஒரு கீறல், மற்றபடி பழுதில்லை.

அடுத்த ஆடியில் தடுப்பூசி போட அந்த ஊருக்குப் போனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பரமசிவத்தின் வீட்டில் இன்னும் மாட்டை அவிழ்த்து விடவில்லை. கணபதி சுவரைத் தாண்டி அண்ணன் பக்கத்து முற்றத்தில் குனிந்து நின்றார். இரவில் விழுந்த பனம்பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். பரமசிவம் வாசல்படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டு பார்த்திருந்தார். இரண்டு பேரும் பேசவில்லை. கேஸ் நடந்துகொண்டுதான் இருந்தது.

"என்ன வே, தெனமும் நீருதான் பொறுக்குதீரா?" என்றேன்.

"மரம் என்னுதுன்னா பழமும் என்னுதுதானே" என்றார் கணபதி. "அதான் எடுத்துக்கிட்டுப் போறேன். வேற ஒண்ணும் இல்ல."

ஒரு பழம் நசுங்கி நார் நாராகத் தரையில் ஒட்டிக்கிடந்தது. இடுப்புக் கத்தியை எடுத்து அதைச் சுரண்டி, கொட்டையைத் தேடி எடுத்துச் சாக்கில் போட்டார். கத்தியைத் துடைத்தார். நான் கையை நீட்டினேன். அவர் யோசிக்கவில்லை, மடக்கிக் கையிலேயே கொடுத்தார். திறந்து மோந்து பார்த்தேன்.

பனம்பழ வாசம். நாறவில்லை.